தலைக்கு இவ்வளவு: தீவகப் பள்ளிக்கூடங்களும் கொழும்பின் காசும்

தீவுப்பகுதிப் பள்ளிக்கூடங்களுக்கு ஆர் காசு குடுக்கிறது என்று கேட்டால் ஊரில் மூன்று பதில் வரும். “வேற ஆர், அரசாங்கம்தான்” என்பார் ஒருவர். விசயம் தெரிந்த இன்னொருவர் “மாகாண சபை” என்பார். மூன்றாமவர் சிரித்துக்கொண்டு “வெளிநாட்டில இருக்கிற எங்கட பெடியள்” என்பார். மூன்றும் சரிதான். மூன்றும் சரியாக இருக்கிறதுதான் எங்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. இத்தனை பேர் குடுக்கிற இடத்தில், நெடுந்தீவில் கணிதம் படிப்பிக்க வருகிறவர் ஏன் நிலைக்கிறார் இல்லை? உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படுகிற தீவுப் பிள்ளைகளில் பலர் ஏன் யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டிக் கிடக்கு?

கேள்வி பழசு, ஆனால் இப்போது அவசரமாகிவிட்டது. 2025 இல் கல்விச் சீர்திருத்தப் பேச்சு சூடுபிடித்தபோது, ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளை என்ன செய்வது என்ற கதையும் கூடவே வந்தது. நாடு முழுக்க அப்படிப்பட்ட பள்ளிகள் ஆயிரத்துக்கு மேல். குருநாகலிலோ கொடிகாமத்திலோ ஒரு சின்னப் பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்தால் பிள்ளை இன்னும் இரண்டு கிலோமீற்றர் சைக்கிள் மிதிக்கும். எழுவைதீவில் அதையே செய்தால் பிள்ளை படகேற வேண்டும். கணக்குப் போடுகிறவரின் தாளில் இரண்டும் ஒரே வரிசையில்தான் வரும். இந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் பிரித்தானியர் காலத்துக்கே போக வேண்டியிருக்கு.

அமெரிக்க மிசனரிமார் 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து பள்ளிகள் திறக்கத் தொடங்கினார்கள். கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர் எல்லோரும் அந்தப் போட்டியில் இருந்தார்கள். ஊர்காவற்றுறை, கரம்பொன், நெடுந்தீவு ஆகிய இடங்களில் கத்தோலிக்கத் திருச்சபை ஊன்றி நின்றது. அரசாங்கம் 1834 இல் ஒரு பாடசாலை ஆணைக்குழுவை அமைத்தாலும், ஊர் ஊராகப் பள்ளி நடத்துகிற எண்ணம் அதற்குப் பெரிதாக இருக்கவில்லை. 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானபோதுதான் ஒரு ஒழுங்கான முறை வந்தது. பள்ளியை நீ நடத்து, நாங்கள் உதவு நன்கொடை தருகிறோம் என்பது அதன் சாரம். ‘நீ’ என்றது சமயச் சபைகளை. நன்கொடை சும்மா வராது. பரிசோதகர் வருசத்துக்கு ஒருமுறை வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். சித்தியடைந்த தலைகளை எண்ணித்தான் காசு. பெறுபேற்றுக்கு ஏற்ற கொடுப்பனவு என்று அதற்குப் பெயர்.

இதைத் தீவில் நின்று யோசித்துப் பாருங்கோ. சோளகம் அடிக்கிற மாதங்களில் நெடுந்தீவுக் கடல் எப்படிக் கிடக்கும் என்று அங்கே போய்வந்த எல்லாருக்கும் தெரியும். ஊரில் பனைவேலையும் வயல்வேலையும் வந்தால் வகுப்பறை பாதி காலி. வரவு குறைந்தால் சித்தி குறையும், சித்தி குறைந்தால் காசு குறையும், காசு குறைந்தால் வாத்தியார் போய்விடுவார், பிறகு வரவு இன்னும் குறையும். பெரிய ஊரில் பத்துப் பிள்ளை பெயிலானாலும் மிச்சத் தலைகளில் பள்ளி ஓடும். சின்னத் தீவில் ஓடாது. அந்த முறை பிறகு கைவிடப்பட்டது உண்மை. ஆனால் தலையை எண்ணுகிற புத்தி போகவில்லை. கட்டுரையின் கடைசியில் அதைத் திரும்பவும் சந்திப்போம்.

இன்னொரு விதியும் இருந்தது. ஏற்கெனவே உதவி பெறுகிற பள்ளிக்குக் கிட்ட புதிதாக ஒன்றைத் திறந்தால் அதற்கு நன்கொடை இல்லை. முதலில் வந்தவர்கள் மிசனரிமார் என்பதால் இந்தத் தூரக் கணக்கு ஆருக்கு வாய்ப்பாக இருந்தது என்று விளக்கத் தேவையில்லை. தெற்கில் பௌத்தர்கள் இதை எதிர்த்தார்கள், வடக்கில் சைவர்கள் எதிர்த்தார்கள். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதிலிருந்து, சைவப் பள்ளி என்றால் முதலில் ஊர்ப் பிடியரிசியிலும் கோயில் காசிலும் நின்று காட்டிவிட்டுத்தான் அரசிடம் கையேந்த வேண்டும் என்றாகிவிட்டது. 1923 இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியதும் நிலைமை மாறியது. ‘இந்து போட்’ இராசரத்தினம் என்று சனம் கூப்பிட்ட சு. இராசரத்தினம் அதைக் கட்டியெழுப்பினார். சில பத்தாண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் சங்கத்தின் முகாமைக்குள் வந்தன. தீவுப்பகுதியின் பழைய சைவப் பள்ளிகளின் கதையை எடுத்தாலும் ஊர்ப் பெரியவர், கோயில், சங்கம் என்று இதே பாதைதான் வரும்.

இந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிற மலர்களில் எல்லாம் ஒரே தொனி. ஊர் தன் கையால் கட்டிய பள்ளி, வள்ளல்கள், தியாகிகள். எங்களுக்கும் அந்த உழைப்பில் மரியாதை உண்டு. ஆனால் “ஊர்” என்ற சொல்லுக்குள் ஆரெல்லாம் இருந்தார்கள் என்று மலர்கள் கேட்பதில்லை. 1929, 1930 ஆம் ஆண்டுகளில், உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே மாதிரியான ஆசனத்தில் இருத்த வேண்டும் என்று திணைக்களம் சொன்னபோது யாழ்ப்பாணத்தில் பெரிய கலவரமே நடந்தது. அதுவரை சில பிள்ளைகள் நிலத்தில், சில பிள்ளைகள் வகுப்புக்கு வெளியில், இன்னும் சில பிள்ளைகள் பள்ளிக்கே இல்லை. சம ஆசனம் குடுத்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று மனுப் போட்டவர்கள் இருந்தார்கள். சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. கொழும்பிலிருந்து வந்த காசுக்கு இப்படி ஒரு முகமும் இருந்தது: நிபந்தனை போட அதனால் முடிந்தது, நன்கொடையை நிறுத்துவேன் என்று மிரட்ட முடிந்தது. ஊர் முகாமையாளரிடம் நீதி கேட்க முடியாதவர்கள் தூரத்து அரசிடம் கேட்டார்கள். 1943 இல் உருவான சிறுபான்மைத் தமிழர் மகாசபை பள்ளிக் கதவுக்காகத் தொடர்ந்து போராடியதும், எம். சி. சுப்பிரமணியம் போன்றவர்கள் தங்கட பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளி தா என்று கேட்டதும் இதன் தொடர்ச்சிதான். மத்தி என்றால் எப்போதும் கெட்டது, ஊர் என்றால் எப்போதும் நல்லது என்கிற எங்கட அரசியல் வாய்ப்பாடு இந்த இடத்தில் பிழைக்கும்.

1945 க்கு வருவோம். கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்து, அரசாங்க சபையில் நீண்ட இழுபறிக்குப் பிறகு, 1945 ஒக்ரோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அந்த இழுபறி நடந்த சபையின் சபாநாயகர் ஆசனத்தில் இருந்தவர் ஒரு தீவுப்பகுதி மனிதர். வேலணையைச் சேர்ந்த வைத்திலிங்கம் துரைசுவாமி 1934 இல் ஊர்காவற்றுறைத் தொகுதிக்குத் தெரிவாகி, 1936 இலிருந்து 1947 வரை சபாநாயகராக இருந்தார். 1931 இல் யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் பகிஸ்கரிப்பால் காலியாகக் கிடந்த ஆசனங்களில் ஒன்றுதான் அது.

இலவசக் கல்வி தீவுகளுக்கு என்ன செய்தது? தமிழ்ப் பள்ளிகளில் அதற்கு முதலே கட்டணம் இல்லை. கட்டணம் ஆங்கிலப் பள்ளிக்குத்தான், உத்தியோகமும் ஆங்கிலத்துக்குத்தான். தீவுப்பகுதியில் ஆங்கிலம் படிக்க வேண்டுமென்றால் ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி, காரைநகர் இந்துக் கல்லூரி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் விடுதிக் காசு. ஆகவே தீவுக்கு உண்மையான மாற்றம் கன்னங்கராவின் இன்னொரு திட்டத்தால் வந்தது. நாட்டுப்புறங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மத்திய பாடசாலைகள், அவற்றோடு விடுதி, ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில். வேலணை மத்திய கல்லூரி அப்படி வந்ததுதான். இன்று அதன் பெயரில் சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி இருக்கிறார். கொழும்பு தன் செலவில், தீவுக்குள்ளேயே, நல்ல ஆய்வுகூடத்தோடும் நல்ல சம்பளத்தோடும் ஒரு பெரிய பள்ளியை வைக்கலாம் என்று முடிவெடுத்த சந்தர்ப்பங்கள் எங்கட வரலாற்றில் எத்தனை? இந்தப் பள்ளியைத் தலைக்கணக்கு பார்த்துக் கட்டியிருந்தால் யாழ்ப்பாணப் பட்டினத்தில்தான் கட்டியிருப்பார்கள்.

1960 இல் இன்னொரு திருப்பம். சிறிமாவோ அரசாங்கத்தில் பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சர். 1960 இன் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 இன் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பள்ளிகளை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. நாடு முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள். கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள் குடியேறி வெளியேற மறுத்ததும் அப்போதுதான். இந்து போட் பள்ளிகளும் போயின. ஆசிரியரைப் பொறுத்தவரை இது விடுதலை: மனேச்சரின் கருணையில் சம்பளம் வாங்குவது போய், மாதாமாதம் அரசாங்கச் சம்பளம். ஊரைப் பொறுத்தவரை இழப்பு: தான் கட்டிய கட்டிடத்துக்கு ஒரு ஓடு மாற்றவும் திணைக்களத்துக்குக் கடிதம். ஒரே சட்டத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லக் கேட்கலாம்.

இதற்கு மூன்று வருசம் முதல் வேறொரு கதவு திறந்து மூடப்பட்டிருந்தது. 1957 யூலை 26 இல் கைச்சாத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தை எங்கட வயதுக்காரர் மொழி, காணி என்ற இரண்டு சொல்லோடு நினைவில் வைத்திருக்கிறோம். அதில் கல்வியும் இருந்தது, காசும் இருந்தது. பிராந்திய சபைகளுக்கான அதிகாரங்களில் கல்வி ஒன்று. மத்திய அரசு அந்தச் சபைகளுக்குத் தொகுதி நன்கொடை வழங்கும், சபைகள் வரி விதிக்கலாம், கடன் வாங்கலாம் என்றும் எழுதப்பட்டிருந்தது. பேச்சில் கூட இருந்த வ. நவரத்தினம் பின்னர் 1963 இல் ஊர்காவற்றுறைத் தொகுதியின் உறுப்பினரானார். ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழிபட்டது. அடுத்ததாகக் கல்விக்காசு பற்றிய ஒரு அதிகாரப்பகிர்வு ஏட்டில் வர முப்பது வருசம் எடுத்தது. அதற்குள் எத்தனை பேர் செத்துப்போனார்கள் என்பது வேறு கணக்கு.

அந்த ஏடு 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம். அதன்படி பள்ளிக்கூடங்கள் மாகாண சபையின் பொறுப்பு. ஆனால் ‘தேசிய பாடசாலை’ என்று குறிக்கப்பட்டவை கல்வி அமைச்சின் நேரடிக் கையில். நாட்டில் உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பள்ளிகளில் நானூறளவுதான் தேசிய பாடசாலைகள், ஆனால் பேரும் புகழும் உள்ளவை பெரும்பாலும் அவைதான். மிச்சம் முழுக்க மாகாணத்துக்கு. மாகாணத்திடம் காசு இருக்கா? நிதி ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது. மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று பெரிய சமூகங்களையும் பிரதிநிதித்துவப்படுத்த இன்னும் மூன்று பேர். அது ஒவ்வொரு மாகாணத்துக்கும் எவ்வளவு என்று பரிந்துரைக்கும், திறைசேரி விடுவிக்கும். பரிந்துரைத்தது எல்லாம் அப்படியே வரும் என்று ஒருத்தரும் நம்புவதில்லை. மாகாணத்தின் சொந்த வருமானத்தில் பெரிதாக இருந்த புரள்வு வரியும் 2011 இல் எடுபட்டு, மத்திய வரியில் ஒரு பங்கு தருகிறோம் என்று மாற்றப்பட்டது. அப்போது வடக்கில் தெரிவான சபையே இல்லை, வாய் திறக்கவும் ஆளில்லை. 2013 செப்ரெம்பரில்தான் வட மாகாண சபைக்கு முதல் தேர்தல். 2018 ஒக்ரோபரில் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநர் ஆட்சி. அந்த ஐந்து வருசத்தில் எங்கட அரசியல்வாதிகள் பள்ளிக்கூட நிதியைப் பற்றிப் பேசியதைவிட, காசு திரும்பிப் போனதா வரவேயில்லையா என்று சண்டை பிடித்தது அதிகம்.

அரசியலமைப்பின் 154ற உறுப்புரை, நிதியை எப்படிப் பங்கிட வேண்டும் என்று நான்கு அளவுகோல்களைச் சொல்கிறது. மாகாணத்தின் சனத்தொகை, தலைக்குரிய வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்கிற தேவை, ஆகக்கூடிய வருமானமுள்ள மாகாணத்தோடு மற்றவற்றுக்கு உள்ள இடைவெளியைக் குறைக்கிற தேவை. வாசிக்க நல்ல வசனங்கள். ஆனால் எல்லாம் மாகாணத்தின் வாசல்வரைக்கும்தான். மாகாணத்துக்குள்ளே வலிகாமத்துக்கு எவ்வளவு, தீவகத்துக்கு எவ்வளவு என்று அந்த உறுப்புரை பேசவில்லை. அதைத் தீர்மானிப்பது யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்கட ஆட்கள். கொழும்பைக் கேட்கிற கேள்வியை அங்கேயும் கேட்க வேண்டும். நாங்கள் கேட்பதில்லை.

போரின் கதையைக் குறுக்கித்தான் சொல்கிறோம், அதற்கு வேறு கட்டுரைகள் உண்டு. 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, பள்ளிக்கோ பட்டினத்துக்கோ படகேறுவது என்பதே உயிர்ப்பயமானது. 1990, 1991 இராணுவ நடவடிக்கைகளோடு லைடன் தீவும் புங்குடுதீவும் ஏறக்குறைய வெறிச்சோடின. சனம் யாழ்ப்பாணத்துக்கு, வன்னிக்கு, பிறகு ரொறன்ரோவுக்கு, பரிசுக்கு, லண்டனுக்குப் போனது. இந்த நேரத்தில் ஒரு வினோதம் நடந்ததையும் பதிய வேண்டும். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த இடங்களிலும் ஆசிரியர் சம்பளம் கொழும்பிலிருந்துதான் வந்தது, பாடப்புத்தகமும் பரீட்சைத் தாளும் அங்கிருந்துதான் வந்தன. குண்டு போட்ட அரசும் சம்பளம் போட்ட அரசும் ஒன்றே. இலவசக் கல்வி எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சனம் திரும்பி வந்தது, ஆனால் போனதில் ஒரு பங்குதான். பெரிய மண்டபமும் சின்ன வகுப்பும் உள்ள பள்ளிகள் தீவெங்கும் மிஞ்சின. அந்த மண்டபங்களில் பலதை எழுப்பியதும் பூச்சுப் பூசியதும் வெளிநாட்டுக் காசு. பழைய மாணவர் சங்கங்கள் கணினி அனுப்புகின்றன, மாலை வகுப்புக்குச் சம்பளம் குடுக்கின்றன, சீருடையும் சப்பாத்தும் வாங்கித் தருகின்றன. முன்னர் சிங்கப்பூர் ஓய்வூதியமும் கொழும்புக் கடைக் காசும் செய்த வேலை இது. இதைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. இரண்டு விசயத்தை மட்டும் சொல்லலாம். ஆர் வெளிநாடு போனார்களோ அவர்களின் பள்ளிக்குத்தான் காசு வரும். போக வசதியில்லாதவர்களின் பள்ளி வெள்ளையடிக்கப்படாமல் கிடக்கும். மற்றது, நன்கொடையால் மண்டபம் கட்டலாம், நிரந்தர ஆசிரியரை நியமிக்க முடியாது. நியமனமும் இடமாற்றமும் அரசின் கையில்.

ஆசிரியர்தான் இங்கே விசயமே. கல்விச் செலவில் பெரும்பங்கு சம்பளம். தீவுப்பள்ளிகள் பல கஷ்டம், அதிகஷ்டம் என்று வகைப்படுத்தப்பட்டவை. புதிதாக நியமனம் பெறுகிறவர் சில வருசம் அங்கே வேலை செய்துவிட்டு இடமாற்றம் கேட்கலாம். கேட்பார், போவார். ஆரையும் குற்றம் சொல்ல முடியாது. குறிகட்டுவானுக்கு பஸ், அங்கிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலப் படகு, கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. கஷ்டக் கொடுப்பனவு இந்தப் பயணத்துக்கு ஈடாகாது. தீவில் தங்க ஒழுங்கான விடுதி வேண்டும், அது கட்டிடச் செலவு. படகு வேண்டும், அது கல்வியின் கணக்கிலேயே வராது, வேறொரு திணைக்களத்தின் தலையிடி. ஆக, பிள்ளை படிக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற செலவுகளில் பாதி, கல்விக்கான ஒதுக்கீட்டுத் தாளுக்கு வெளியில் நிற்கிறது.

தாளுக்குள்ளே இருப்பது என்ன? 2000 ஆம் ஆண்டளவிலிருந்து கல்வித்தர உள்ளீடுகளுக்கான பணத்தை மாணவர் எண்ணிக்கையை வைத்துக் கணிக்கிறார்கள். சின்னப் பள்ளிகளுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. முன்பு செல்வாக்குள்ள அதிபரும் அரசியல்வாதியும் அள்ளிக்கொண்டு போனதைவிட இது நேர்மையான முறை என்பதை ஒத்துக்கொள்கிறோம். ஆனாலும் அடிப்படை அலகு தலைதான். நாற்பது பிள்ளைக்கும் ஒரு விஞ்ஞான ஆசிரியர் வேண்டும், நானூறு பிள்ளைக்கும் வேண்டும். ஒரு ஆய்வுகூடத்தை நாற்பதால் பிரித்து பத்தில் ஒன்றாகக் கட்ட முடியாது. 1869 இன் பரிசோதகர் சித்தியடைந்த தலைகளை எண்ணினார், இன்றைய அலுவலர் வரவுப் பதிவேட்டில் உள்ள தலைகளை எண்ணுகிறார்.

சமஷ்டி வந்தால் எல்லாம் தீரும் என்று சொல்லுகிறவர்களுக்கு அக்கரையைக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் தெரிவான சட்டசபை உண்டு, சொந்த வரி உண்டு. அப்படியிருந்தும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024–25 க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை டெல்லி நிறுத்தி வைத்தது. மத்தியும் மாநிலமும் 60க்கு 40 என்று பங்குபோடும் திட்டம் அது. தலைக்கு அறுபது குடுக்கிறவன் நிபந்தனையும் போடுவான். வேறு மாதிரியான உதாரணமும் உண்டு. ஸ்கொட்லாந்து தன் உள்ளூராட்சி சபைகளுக்கு நிதி பங்கிடும்போது ஓர்க்னி, ஷெட்லாண்ட், மேற்குத் தீவுகள் ஆகியவற்றுக்குத் தீவு என்ற ஒரே காரணத்துக்காகத் தனியான ஒரு தொகையைச் சேர்க்கிறது. ஸ்கொட்லாந்தும் முழுச் சமஷ்டி நாடு இல்லை. ஆனால் சூத்திரத்தில் கடலுக்கு ஒரு இடம் குடுத்திருக்கிறார்கள்.

2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது நாடு முழுக்க அந்தச் சுலோகம் ஒலித்தது. இன்றுவரை அது 2 வீதத்தை ஒட்டியே இழுபடுகிறது. 6 வீதம் வந்தாலும் தலைக்கணக்கில்தான் பங்கிடுவார்கள் என்றால் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் வந்து சேர்வது கொஞ்சம்தான். ஆகவே தீவக வலயத்துக்கான ஒதுக்கீட்டில் மூன்றைச் சேர்க்கச் சொல்லி மாகாணக் கல்வி அமைச்சிடமே முதலில் கேட்கலாம் என்பது எங்கட யோசனை: மாணவர் எண்ணிக்கை எதுவானாலும் ஒவ்வொரு தீவுக்கும் குறைந்தபட்சப் பாட ஆசிரியர் தொகுதி, நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஆசிரியர் தங்குமிடம், பள்ளி நேரத்துக்கு ஓடுகிற படகின் செலவு. இதற்குப் பதின்மூன்றாம் திருத்தத்தில் ஒரு எழுத்தையும் மாற்றத் தேவையில்லை, கொழும்பின் அனுமதியும் வேண்டாம். அடுத்த வருசத்துக்கான மதிப்பீடு தயாராகும் முதல் கேட்டால் போதும்.